குன்றின் மேல் ஒரு கௌபாய் நடிகரின் வீடு

கலிபோர்னியாவின் நியூஹாலில், மௌனப்பட நாயகன் வில்லியம் எஸ். ஹார்ட் 1920களில் குன்றின் மேல் கட்டிய ஸ்பானியப் பாணிப் பண்ணை வீடு, இன்று அமெரிக்க மேற்குப் பகுதியின் கலையைக் காட்டும் அருங்காட்சியகமாக விளங்குகிறது. படம் பார்க்கக் காசு கொடுத்த மக்களுக்கே தம் வீடு சேர வேண்டும் என்று விரும்பிய அவர், 1946இல் மறைந்தபோது அதை லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டிக்கு (மாவட்ட நிர்வாகத்துக்கு) எழுதிவைத்திருந்தார்.

அங்குள்ளவற்றில் என்னை மிகவும் ஈர்ப்பவை, ஹார்ட்டின் நண்பரான ஓவியர் சார்லஸ் ரஸ்ஸலின் படைப்புகள். மொன்டானாவில் மாடு மேய்த்துப் பிழைத்தவர் என்பதால், திமிறும் குதிரையின் கழுத்து வளைவையும் கடிவாளத்தின் இழுப்பையும் அவரால் பிசகின்றித் தீட்ட முடிந்தது. அந்த நுணுக்கம் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கற்பனை செய்தவர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை என்பேன். அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்கள் நெய்த கம்பளிகளும் அவற்றுக்கு இணையான கலைப்படைப்புகளே. வெண்சுவர்க் கூடங்களைவிட, உரிமையாளர் புழங்கிய அறைகளிலேயே இவற்றைப் பார்ப்பது எனக்கு உவப்பானது.

பண்ணையில் காட்டெருமைக் கூட்டமும் வளர்க்கப்பட்டது. அதன் முன்னோடிகளை 1962இல் வழங்கியவர் வால்ட் டிஸ்னி.