கிளாசிக் 350-க்கு ஹெட்லைட் பீக் மாட்டியது: அளவெடுப்பதிலிருந்து சுவர்க்குறி வரை

வண்டி, 346 சிசி யுசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்ஷன்) எஞ்சின் உள்ள ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. விளக்கு 7 அங்குல வட்டம், 12 வோல்ட் 60/55 வாட் எச்4 பல்ப். மாட்டியது, விளக்குக் கண்ணாடியைச் சுற்றியுள்ள உலோக வளையமான ரிம்மின் மேல் உட்காரும் குரோம் பீக். மேல்பக்கம் தொப்பி விளிம்பு மாதிரி நீண்டிருக்கும். மொத்தம் ஒன்றரை மணி நேர வேலை. பீக்கை மாட்ட இருபது நிமிடம் போதும். மீதி நேரம் முழுக்க, வெளிச்சம் பழைய இடத்திலேயே விழுகிறதா என்று பார்ப்பதற்குத்தான். அழகுக்கு ஒன்றை மாட்டி ராத்திரி வெளிச்சத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

அதனால் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன்பே சுவரில் குறி போட வேண்டும். சமதளத் தரையில் வண்டியைச் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி, ஸ்டாண்டு போடாமல், ஒருவர் மேலே உட்கார்ந்து நேராக நிறுத்த வேண்டும். டயர் காற்று சரியாக இருக்கட்டும். லோ பீமில் வெளிச்சமும் இருட்டும் பிரியும் கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். நம் ஊரில் இடப்பக்கம் ஓட்டுவதால் அந்தக் கோடு இடது கைப்பக்கம் சற்று மேலேறும். அந்த ஏற்றம் தொடங்கும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் சாட்சி.

அடுத்தது அளவு. கடையில் ‘7 இன்ச்’ என்று கொடுப்பதை நம்பி வாங்கினால் பாதி நேரம் பொருந்தாது. 7 அங்குலம் என்பது கண்ணாடியின் அளவு, ரிம்மின் வெளி அளவு அதைவிடப் பெரியது. விட்டம் அளக்கும் வெர்னியர் கருவி இல்லாவிட்டால் பேப்பரை நீளமாக வெட்டி ரிம்மைச் சுற்றி, சேரும் இடத்தைக் குறித்து, நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் போதும். சுற்றளவு 603 மி.மீ. வந்தால் விட்டம் 192. இந்த வழியில் பிழையும் குறைவு: சுற்றளவில் 3 மி.மீ. தப்பினாலும் விட்டத்தில் 1 மி.மீ.தான் தப்பும். பீக்கின் உள்விட்டம் ரிம்மைவிட அரை முதல் 1 மி.மீ. கூடுதலாக இருக்கலாம். அதற்கு மேல் போனால் வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போதே கடகடவென்று சத்தம் வரும்.

காந்தம் ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் கனமாக இருந்தால் பெரும்பாலும் பித்தளை, லேசாக இருந்தால் முலாம் பூசிய பிளாஸ்டிக். கடலோர ஊர்களில் இரும்பு பீக் வெட்டு விளிம்பிலிருந்துதான் துருப்பிடிக்கத் தொடங்கும். மாட்டும் முன் அந்த விளிம்பிலும் உள்பக்கத்திலும் மெழுகு பாலிஷ் தடவினால் பல மாதம் தாங்கும். விலை கூடினாலும் பித்தளையே நல்லது.

இனி கழற்றுவது. விளக்குக் கூட்டின் பெயிண்ட் விளிம்பில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டு, ரிம்மைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். மறு கை ரிம்மைத் தாங்கியே இருக்க வேண்டும். வயரில் தொங்கவிட்டால், பல்புக்குப் பின்னால் வயர் செருகும் கப்ளருக்குள் டெர்மினல் தளர்ந்துபோய், ‘பள்ளத்தில் ஏறி இறங்கினால் லைட் அணைகிறது’ என்ற தொல்லை அங்கிருந்து ஆரம்பிக்கும். கப்ளரை உருவி, யூனிட்டைத் துணியின் மேல் கவிழ்த்து வையுங்கள். எச்4 பல்பைக் கழற்றினால் கண்ணாடியில் விரல் படக்கூடாது. திரும்பப் போடும்போது பல்பின் உலோக வளையத்திலுள்ள மூன்று காதுகளில் அகலமானது மேலே வர வேண்டும். ரிஃப்ளெக்டரின் வெள்ளிப் பூச்சைத் துடைக்கவே கூடாது, தூசி இருந்தால் ஊதிவிடுங்கள்.

பீக்கின் பின்னால் உள்ள காதுகள் ரிம்முக்குப் பின்புறம் மடியும். ஒரு காது விழும் இடத்தில், கண்ணாடியை ரிம்மோடு பிடித்திருக்கும் டபிள்யூ வடிவ ஸ்பிரிங் கிளிப் இருந்தால் கிளிப்பைத்தான் நகர்த்த வேண்டும். அதற்குப் பொறுமை தேவை. ஒரு கையால் கிளிப்பை முழுதாக மூடிக்கொண்டு, மறு கைக் கட்டைவிரலால் ஒரு காலை உள்ளே அழுத்தி வெளியே வழுக்கிவிட வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஒன்று கிளிப் கண்ணுக்குப் பாயும், இல்லை முனை வழுக்கி ரிஃப்ளெக்டரில் கீறல் விழும். கிளிப்புகளுக்கு இடையே தூரம் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் கண்ணாடி சாய்ந்து சுவரில் விழும் வெளிச்சக் கோடும் சாயும்.

காதை மடிக்கும் முன் ரிம்முக்கும் பீக்குக்கும் நடுவில் அரை மி.மீ. ரப்பர் பட்டை கொடுங்கள். அதிர்வைத் தாங்கும், குரோமும் குரோமும் உராயாது. பட்டையை முழு வட்டமாக ஒட்டாமல் அடியில் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள், மழைநீர் வடியட்டும். டேப்பால் ஒட்டும் பிளாஸ்டிக் வகை என்றால் இரு பரப்பையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அழுத்தி ஒட்டி, முழுப் பிடிப்பு வர மூன்று நாள் தண்ணீர் படாமல் வைக்க வேண்டும். 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை ஹெட்லைட்டும் எரிவதால் சூடு பகலிலும் உண்டு. மலிவு டேப் இளகி பீக் முன்னால் தொங்கிவிடும்.

காது தடிமனாக இருந்தால் ரிம்மின் கொக்கி கூட்டில் முழுதாக மாட்டாது. அப்போது ஸ்க்ரூவை முடுக்கி இழுக்காதீர்கள், மரை போய்விடும். பழைய ஸ்க்ரூவைக் கடையில் காட்டி, அதே மரையில் 3 மி.மீ. நீளம் கூடுதலாக வாங்குங்கள். ஸ்க்ரூ அதிர்வில் தளராமல் பிடிக்கும் நீல நிற திரெட் லாக்கர் பசை ஒரு சொட்டு போதும். பிளாஸ்டிக் பீக்கில் அது படவே கூடாது, விரிசல் விட்டுவிடும்.

மாட்டியதும் மறுபடி 5 மீட்டர், மறுபடி சுவர். கோடு டேப்பின் மேல் விழ வேண்டும். இடது ஏற்றம் சாய்ந்திருந்தால் ரிஃப்ளெக்டர் ரிம்முக்குள் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. கண்ணாடியிலுள்ள ‘டாப்’ குறியை மேலே கொண்டுவாருங்கள். வெளிச்சத்தின் விளிம்பு பிறை மாதிரி வெட்டுப்பட்டிருந்தால் பீக் கீழே சாய்ந்திருக்கிறது. பீக்கின் அடிப்பக்கக் குரோம் சுவரில் தனியாக ஒரு வெளிச்சத் திட்டு விழவைத்தால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் சூடு தாங்கும் மேட் கறுப்பு பெயிண்ட் அடித்துவிடுங்கள்.

300 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்க்ரூவை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். முதல் மழைக்குப் பிறகு கண்ணாடிக்குள் ஆவி படிந்தால், குற்றம் பெரும்பாலும் பீக்கில் இருக்காது. பல்புக்குப் பின்னால் உள்ள ரப்பர் மூடி முழுதாக உட்காரவில்லை.