சாண்ட்டன்ல எம் அண்ட் ஏ கேஸ் இன்டர்வியூக்குப் போறவங்களுக்கு

டர்பன்லேர்ந்து ஜோஹன்னஸ்பர்க் பக்கம் சாண்ட்டன்ல இருக்குற பேங்குங்களுக்கு எம் அண்ட் ஏ (ஒரு கம்பெனி இன்னொண்ணை வாங்குறது, இல்ல ரெண்டும் சேர்றது) வேலைக்கு, ஒரு டீலை கேஸா குடுத்து அலசச் சொல்ற இன்டர்வியூ போற தம்பி தங்கச்சிங்க எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த ஃப்ரேம்வொர்க்கை, அதாவது கேஸை அலசுற கேள்வி வரிசையை, மனப்பாடம் பண்ணணும்னுதான். அது சீக்கிரம் வந்துடும். ஏன் வாங்குறாங்க, என்ன விலை, சேர்ந்தப்புறம் என்ன லாபம், யாரு தடுப்பாங்க, அவ்வளவுதான். உங்க நேரத்தை கணக்குல போடுங்க, அதுவும் வாய்விட்டு சொல்லிக்கிட்டே போடுற கணக்குல.

டார்கெட், அதாவது விலைக்கு வர்ற கம்பெனி, தனியா 1000 மில்லியன் ரேண்ட் பெறும், 30% பிரீமியம் குடுக்குறாங்க, அதாவது 300 மில்லியன் கூடுதல்னு வைங்க. சினர்ஜி, அதாவது ரெண்டு கம்பெனியும் சேர்றதால வர்ற லாபம், வருஷத்துக்கு 60 மில்லியன்னு கேஸ்ல இருக்கும், 27% வரி போனா 43.8, அது வருஷா வருஷம் அப்படியே வரும்னு வச்சு, இன்னைக்கு மதிப்புக்கு மாத்துற வீதமான 12%ஆல வகுத்தா 365, ரெண்டு கம்பெனியையும் ஒண்ணாக்குற செலவு 80 கழிச்சா 285. குடுக்குறது 300, கிடைக்குறது 285, அப்ப இந்த விலைக்கு வாங்கக்கூடாது.

நிறைய பேர் இங்கயே நிறுத்திடுறாங்க, ஆனா நம்ம நாட்டு கேஸ் இங்கதான் ஆரம்பிக்குது. அந்த 60 எங்கேர்ந்து வருதுன்னு கேளுங்க. பாதி ஆள்குறைப்புலேர்ந்து வருதுன்னா தென்னாப்பிரிக்காவோட காம்பெட்டிஷன் (வியாபாரப் போட்டி) சட்டத்துல 12ஏ பிரிவு குறுக்க வரும், போட்டி பாதிக்குமான்னு மட்டும் இல்ல, வேலை போகுமா, சின்ன வியாபாரிங்க என்ன ஆவாங்க, ஓனர்ஷிப் யாரு கைக்குப் போகுதுன்னும் அதுல பாப்பாங்க. 2011ல வால்மார்ட் இங்க இருக்குற கடைக் குழுமம் மாஸ்மார்ட்டை வாங்கினப்ப ரெண்டு வருஷத்துக்கு மெர்ஜரை (கம்பெனிங்க சேர்றதை) காட்டி யாரையும் தூக்கக்கூடாதுன்னு காம்பெட்டிஷன் டிரிப்யூனல் (இந்தச் சட்டத்துக்கான தீர்ப்பாயம்) கண்டிஷன் போட்டுது, அடுத்த வருஷம் அப்பீல் கோர்ட் ஏற்கெனவே வேலை போன 503 பேரை திரும்ப எடுக்கச் சொல்லுச்சு. 2021ல இங்க இருக்குற பர்கர் கிங்கை விக்கப் பாத்தப்ப போட்டி பிரச்சனையே இல்ல, கறுப்பின மக்கள் மாதிரி முன்னாடி ஒதுக்கப்பட்டவங்க பங்கு 68%க்கு மேலேர்ந்து பூஜ்யம் ஆகுதுன்னே காம்பெட்டிஷன் கமிஷன் (மெர்ஜரை விசாரிக்குற அமைப்பு) தடுத்துச்சு, அப்புறம் தொழிலாளிங்களுக்கு 5% பங்கு உள்பட புது கண்டிஷன்களோடதான் விட்டாங்க.

இதை வெறும் பொது அறிவா சொல்லாதீங்க, கணக்குக்குள்ள கொண்டு வாங்க. ரெண்டு வருஷம் ஆள்குறைப்பு கூடாதுன்னா அதுலேர்ந்து வர்ற பாதி, அதாவது வரி போக 21.9 மில்லியன், ரெண்டு வருஷத்துக்கு வராது, இன்னைக்கு மதிப்புல சுமார் 37. 285ல அதைக் கழிச்சா 248. அது 1000ல 24.8%, அப்ப உங்க பதில் "24%க்கு மேல பிரீமியம் குடுக்காதீங்க"ன்னு இருக்கணும், அதையே முதல் வாக்கியமா சொல்லிட்டு அப்புறம் காரணத்தை விளக்குங்க.

டர்பன்ல நம்ம சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ்ல துணி ஃபேக்டரில வேலை பாத்த அம்மாவோ ஆயாவோ இல்லாத வீடு கம்மி, அந்த ஃபேக்டரிங்க மூடினப்ப என்ன ஆச்சுன்னு நமக்குத் தெரியும். அதனால வேலை பத்தின கேள்வியை நாமதான் நல்லா பேசணும், பேசவும் முடியும்.

படிக்க என்ன வேணும்னா டிரிப்யூனல் தீர்ப்புங்க இலவசமாவே கிடைக்குது. மூணு நாலு எடுத்து, கண்டிஷன் பகுதியை மறைச்சு வச்சுட்டு நீங்களா என்ன கண்டிஷன் போடுவீங்கன்னு எழுதிப் பாத்துட்டு அப்புறம் திறந்து பாருங்க.