தா புரோம்: அன்னைக்கு எழுப்பிய ஆலயம்

உழவாரப் பணிக்குப் போகிறவர்களின் கண் எந்தக் கோயிலைப் பார்த்தாலும் முதலில் செடிகளைத்தான் தேடும். கல் இடுக்கில் அரசங்கன்று இரண்டு இலை விட்டிருந்தாலும் வேரோடு எடுத்துவிடுவோம். அப்பர் பெருமான் காட்டிய வழி அது. அந்தக் கண்ணோடு கம்போடியாவின் தா புரோம் ஆலயத்துக்குள் நுழைந்ததும் எனக்குப் பதறிவிட்டது. மண்டபக் கூரைமேல் வானளாவிய மரங்கள்!

சியாம் ரீப் நகருக்கு அருகே, அங்கோர் காட்டில் இருக்கிறது இது. கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் 1186-இல் தன் தாய்க்காக எழுப்பினான். பௌத்தர்கள் ஞானத்தின் தாயாக வணங்கும் பிரஜ்ஞாபாரமிதையைத் தன் அன்னையின் சாயலிலேயே வடித்து வைத்தான். ராஜேந்திர சோழன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எழுப்பிய பள்ளிப்படை, அதாவது மறைந்தவர் நினைவாக எழுப்பும் கோயில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. இங்கே 615 ஆடல் மகளிர் உட்பட 12,640 பேர் வாழ்ந்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. இன்று கருவறை வெறுமையாக இருக்கிறது.

பறவை போட்ட விதை கூரையில் முளைக்கிறது. மண்ணைத் தேடி வேர் கல் இடுக்குகளில் இறங்குகிறது. பருக்கப் பருக்கக் கல்லைப் பிளக்கிறது. பிறகு அந்தக் கல்லையே வேர்தான் இறுகப் பிடித்து நிறுத்துகிறது. வெட்டினாலும் சுவர் சரியும், மரம் பட்டுப்போனாலும் சரியும். இங்கே பணி செய்யும் இந்தியத் தொல்லியல் துறையினர் சுவரோடு மரத்தையும் சேர்த்தே காக்க வேண்டியிருக்கிறது. பிடுங்குவது மட்டுமே கோயில் பணி என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய பாடம்.

ஓரிடத்தில் வேர்கள் திரை போலத் தொங்குகின்றன. நடுவே கையகல இடைவெளி. அதற்குள் ஒரு தேவதையின் முகம் மட்டும் தெரிகிறது: பாதி மூடிய விழிகள், உதட்டோரம் சிறு முறுவல். கைகள் தாமாகவே குவிந்தன.

உள்ளே ஒரு சிற்றறையில் சுவரில் முதுகைச் சாய்த்து நெஞ்சில் தட்டினால் அறையே அதிர்கிறது. மறைந்த என் அம்மாவின் பெயரைச் சொல்லித் தட்டினேன், கண் கலங்கிவிட்டது.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், பிறகு கூட்டம் நெரிக்கும். அப்படியே பிரேயா கானையும் தரிசியுங்கள். அதே மன்னன் 1191-இல் தந்தைக்காக எழுப்பிய ஆலயம் அது. அங்கே வடக்கே சிவனுக்கும் மேற்கே திருமாலுக்கும் இடம் கொடுத்திருக்கிறான். வடக்குச் சந்நிதியில் ஒரு தேவாரம் பாடிவிட்டுத்தான் நாங்கள் புறப்பட்டோம்.