சோழவரத்து எம்.ஜி.யும் காரைக்குடிப் பட்டறையும்

பழைய காரைச் சீர்செய்யக் கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, இது எந்த வருஷத்துக் காராக இருக்க வேண்டும் என்றுதான். பலருக்குக் கேள்வி விளங்காது, "ஆர்.சி.யில 1948னு போட்டிருக்கே" என்பார்கள். சரி, அது தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வருஷம். ரேஸ் ஓடிய கார் என்றால் அது போதாது. ஓடிய அந்த சீசனில் என்னென்ன கழற்றியிருந்தார்கள், எதை மாற்றினார்கள், என்ன எண்ணெய் ஊற்றினார்கள் என்று தெரியாமல் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வும் பழைய கார்ப் பந்தயங்களுக்கு 'அபெண்டிக்ஸ் கே' என்ற விதித்தொகுப்பில் இதைத்தான் கேட்கிறது: காரில் இருப்பது அந்தக் காலத்தில் நிஜமாகவே இருந்தது என்பதற்கு ஆதாரம் காட்டு.

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டின் கார் ஷெட்டில் இருந்து எங்கள் பட்டறைக்கு வந்தது ஒரு எம்.ஜி. டி.சி., அதாவது எம்.ஜி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் டி.சி. மாடல் ஸ்போர்ட்ஸ் கார். 1945 முதல் 1949 வரை இங்கிலாந்தில் அபிங்டனில் செய்த கார், மொத்தமே சுமார் பத்தாயிரம்தான். 1250 சிசி எஞ்சின், 54 குதிரைசக்தி, 19 அங்குல ஸ்போக் வீல், மரச்சட்டத்தின் மேல் தகரம் போர்த்திய பாடி. சேஸிஸ் நம்பரை 0251 என்று தொடங்கினார்கள், அந்தத் தொழிற்சாலையின் டெலிபோன் நம்பர் 251 என்பதால். பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்றுச் சம்பாதித்த குடும்பங்கள் இந்த ஊர்களுக்குத் தேக்கு மரத்தையும் பெல்ஜியம் கண்ணாடியையும் கொண்டு வந்ததை எல்லோரும் எழுதுகிறார்கள், கார்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை.

அந்த வீட்டு ஆச்சியிடம் ஒரு போட்டோ இருந்தது. சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம், சென்னைக்கு வடக்கே, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும்வரை பல பத்தாண்டுகள் அங்கேதான் ரேஸ் நடந்தது. போட்டோவில் காருக்கு மட்கார்டு இல்லை. ஹெட்லைட் இல்லை, பின்னால் ஸ்டெப்னி இல்லை, முன் கண்ணாடி பானெட் மேல் மடித்துப் படுக்க வைத்திருக்கிறது, பானெட்டைச் சுற்றி ஒரு தோல் வார், கதவில் வெள்ளை வட்டம், அதற்குள் கையால் எழுதிய எண். எண்ணின் வால் ஒரு பக்கம் கோணலாக இழுத்திருக்கிறது.

ஆச்சி சொன்னது ஒன்றே ஒன்று. "தம்பி, அப்பச்சி ஓட்டுன மாதிரியே இருக்கணும். புதுசாக்கிப்புடாதீங்க." அப்பச்சி என்றால் செட்டிநாட்டில் அப்பா. சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு வேறு ஆசை. "அண்ணே, செலவு ஆனாலும் பரவால்ல, பளபளன்னு பண்ணிக் குடுங்க, குரோம் எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கணும்." இரண்டு பேரும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு கார். நான் ஆச்சி பக்கம் நின்றேன், மகனிடம் ஒவ்வொரு பாகமாகக் காட்டிப் பேசினேன்.

முதலில் காட்டியது எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட். போட்டோ வெளியே தெரிவதைத்தான் சொல்லும், உள்ளே என்ன செய்தார்கள் என்பதை இரும்பிடம்தான் கேட்க வேண்டும். எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ற இந்த எஞ்சினுக்கு ஹெட்டின் கனம் புதிதில் 76.75 மி.மீ. வெர்னியரை வைத்துப் பார்த்தால் 74.4க்குப் பக்கத்தில் நின்றது. தேய்மானத்தில் அவ்வளவு போகாது. எம்.ஜி. கம்பெனியே அப்போது ரேஸ்காரர்களுக்காக டியூனிங் குறிப்பு வெளியிட்டது, அதில் முதல் படி ஹெட்டை 3/32 அங்குலம் சீவி கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவை அழுந்தும் விகிதத்தை, 8.6க்கு ஏற்றுவது. 3/32 அங்குலம் என்றால் 2.38 மி.மீ. கழித்துப் பாருங்கள், சரியாக வரும். அன்றைக்கு மெட்ராஸில் யாரோ ஒரு லேத்துக்காரர் அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு இவ்வளவு துல்லியமாகச் சீவியிருக்கிறார். அதைத் தொட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. புது ஹெட் இங்கிலாந்தில் இருந்து வரவழைக்கலாம் என்று மகன் சொன்னதை அதற்கப்புறம் அவரே விட்டுவிட்டார்.

ஹெட்டுக்கு மேல் மூடும் டாப்பெட் கவரின் உள்பக்கம் மஞ்சளாக, கெட்டியாக, அரக்கு மாதிரி ஒரு படலம். ஆமணக்கு எண்ணெய். அந்தக் கால ரேஸ்காரர்கள் காஸ்ட்ரால் ஆர் என்ற ஆமணக்கு எண்ணெய் ஊற்றி ஓட்டினார்கள், சூட்டில் படலம் அறாது, ஆனால் மினரல் ஆயிலோடு சேராது, விட்டு வைத்தால் இப்படிப் பிசினாகப் படியும். ஆக இந்த எஞ்சின் கடைசியாக ரேஸ் தோரணையில்தான் நின்றிருக்கிறது.

போல்ட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இந்த எஞ்சினின் மரை மெட்ரிக், ஆனால் நட்டின் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு. எம்.ஜி.க்கு எஞ்சின் செய்த மாரிஸ் கம்பெனி வாங்கிய எஞ்சின் தொழிற்சாலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக்காரர்களுடையது, மெஷின்கள் எல்லாம் மெட்ரிக், ஊரில் இருந்த ஸ்பேனர்கள் விட்வொர்த், அதனால் இந்தக் கலப்பு. 8 மி.மீ. போல்ட் என்றால் கடையில் 1.25 மி.மீ. பிட்ச், அதாவது மரைக்கு மரை அவ்வளவு இடைவெளி உள்ளதைக் கொடுப்பார்கள், இதற்கு வேண்டியது 1.0. முறுக்கினால் முதல் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் பிளாக்கின் மரையே போய்விடும். தேவையான ஸ்டட்டுகளை எங்கள் லேத்திலேயே கடைந்தோம்.

நான் அதிகம் வாதாடியது கார்புரேட்டர் வாய்களுக்காக. இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஊமத்தம்பூ வடிவில் இரண்டு பித்தளைக் குழல்கள். கையால் தட்டி வளைத்து ஈயம் வைத்து ஒட்டியவை. இரண்டும் ஒரே அளவில்கூட இல்லை. பளபளக்கும் அலுமினியக் குழல்கள் விலைக்குக் கிடைக்கின்றன, அதைப் போடலாம் என்று மகன் கேட்டார். ஐம்பதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகிக் கொண்டே போனது, வெளிநாட்டு ஸ்பேர் கிடைப்பது பெரும்பாடு. அதனால் சோழவரத்தில் ஓடிய கார்களில் பாதி வேலை நம்மூர்ப் பட்டறைகளின் கைவேலை. அந்த அலுமினியத்தைப் போட்டால் இங்கிலாந்தில் ஓடிய ஒரு டி.சி. கிடைக்கும். சோழவரத்தில் ஓடிய டி.சி.க்குப் பித்தளைதான் அசல் ஸ்பெசிஃபிகேஷன், எந்த கேட்லாக்கிலும் அது இருக்காது. ஆச்சி அந்தக் குழல்களைப் பார்த்ததும் "இதுல அப்பச்சி விரலை விடக் கூடாதுன்னு திட்டுவாக" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

மரவேலைக்கு வந்த ஆசாரி இந்தப் பக்கத்து வீடுகளில் பர்மாத் தேக்கு நிலைகளைப் பழுது பார்த்தே கை தேர்ந்தவர். உளுத்துப் போன பாடிச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, "தேக்குல போட்டா நூறு வருசம் நிக்கும்ணே" என்றார். அவர் சொல்வது வீட்டுக்குச் சரி. டி.சி.யின் சேஸிஸ் ஓட்டத்தில் முறுக்கிக் கொடுக்கும், அதோடு சேர்ந்து வளைந்து கொடுக்கத்தான் ஆஷ் மரத்தைப் போட்டார்கள், கிரிக்கெட் ஸ்டம்ப் செய்கிற அதே மரம். ஆஷ் வரவழைத்தோம். ஆனால் இடது கதவுச் சட்டத்தில் ஏற்கெனவே ஒரு தேக்குத் துண்டு ஒட்டுப் போட்டிருந்தது. அதன் மேல் இருந்த பெயிண்டைத் தாள் தாளாகத் தேய்த்துப் பார்த்தால், ரேஸ் வெள்ளை வட்டம் அந்த ஒட்டுக்கு மேலேதான் விழுந்திருக்கிறது. அப்படியானால் ஒட்டு ரேஸுக்கு முந்தையது. அதை விட்டுவிட்டோம்.

துரு எடுக்க எங்கள் ஊருக்கு ஒரு கொடுப்பினை. நேரு 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் காரைக்குடியில்தான் இருக்கிறது, அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா பட்டறைக்கு வந்து உட்காருவார். வாஷிங் சோடாத் தண்ணீரில் பாகத்தை பேட்டரி சார்ஜரின் மைனஸில் கட்டித் தொங்கவிட்டு, பிளஸில் சும்மா ஒரு இரும்புத் தகடு. துரு உதிரும், நல்ல இரும்பு அப்படியே நிற்கும். தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை வைக்கவே கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும் என்று அழுத்திச் சொன்னார். வால்வ் ஸ்பிரிங், கனெக்டிங் ராடு போல்ட் மாதிரி கெட்டிப்படுத்திய எஃகை இந்தத் தொட்டிப் பக்கமே கொண்டு போகாதே, ஹைட்ரஜன் உள்ளே புகுந்து முறுகலாக்கிவிடும், ஓட்டத்தில் சட்டென்று ஒடியும் என்றும் சொன்னார். கண்ணாடி மாதிரிப் புது குரோம் முலாம் வேண்டாம் என்பதிலும் அவர் பேச்சுத்தான் மகனுக்கு எடுபட்டது.

பழமைக்கு நான் விட்டுக் கொடுக்காத இடங்களும் உண்டு. பிரேக் லைனிங்கில் அன்றைக்கு ஆஸ்பெஸ்டாஸ், இன்றைக்கு அதைத் தொட மாட்டேன், 9 அங்குல டிரம்முக்கு ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங்தான். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால், பழைய ரப்பர் குழாய் ஊறி உப்பிவிடும், எஸ்.யூ. ஜெட்டின் கார்க் வாஷரும் தாங்காது. அதையெல்லாம் எத்தனால் தாங்கும் பொருளுக்கு மாற்றினோம், வெளிப்பார்வைக்கு மட்டும் பழைய துணிப் பின்னல் உறை. சீட் பெல்ட் அந்தப் போட்டோவில் இல்லை. டிராக்கில் ஓட்டுவதென்றால் பெல்ட்டும், கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பாரும் இல்லாமல் நான் சாவி தர மாட்டேன், சேஸிஸில் ஒரு துளைகூடப் போடாமல் கிளாம்ப் வைத்துக் கட்டும்படி இப்போது வரைந்து கொண்டிருக்கிறோம்.

கதவில் எண் எழுத, கடைப் பலகை எழுதும் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். கோணலான அந்த வாலையும் போட்டோவில் இருப்பது போலவே எழுதித் தந்தார். பாடிக்கு அந்தக் காலத்து நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட். ஹார்டனர் கலந்து அடிக்கும் இன்றைய டூ-கே பெயிண்டின் மினுக்கு வராது, அது வேண்டாம்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. வலது பக்கம் எக்ஸாஸ்ட் குழாய் எங்கே முடிந்தது என்று போட்டோவில் தெரியவில்லை, வேறொரு கார் மறைக்கிறது. ஐம்பது, அறுபதுகளின் சோழவரம் படங்கள் உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தால், முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் ஆல்பத்தோடு போடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பின்னணியில் மட்கார்டு இல்லாத ஒரு சின்ன எம்.ஜி. நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.