ஊசியைப் பார்க்காதே

"ஊசி இவ்ளோதான் ஆடுமாண்ணா?" என்று, நான் முடித்துக் கொடுத்த கம்ப்ரஸரின் மீட்டரைக் காட்டி அந்தத் தம்பி கேட்டான். "ஊசியப் பாத்தா ரெக்கார்டிங் பண்ணப் போற? காதுல கேளுப்பா" என்றேன்.

பதில் தப்பில்லை. கம்ப்ரஸர், அதாவது ஓங்கி வரும் சத்தத்தை அமுக்கும் பெட்டி, பற்றி யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அன்றைக்கு அதை எதற்காகச் சொன்னேன் என்பதுதான் உறுத்துகிறது.

1967-ல் வந்த, பில் புட்னம் வடிவமைத்த 1176 என்ற கம்ப்ரஸரின் நகல் அது. வேலை செய்யும் விதம் எளிது. உள்ளே வரும் சிக்னலை ஒரு எஃப்இடி (வோல்டேஜால் கட்டுப்படும் டிரான்சிஸ்டர்) கிரவுண்டுக்கு இழுக்கிறது. அதன் 'கேட்' என்ற காலில் உள்ள மைனஸ் வோல்டேஜ் குறையக் குறைய அது அதிகம் கடத்தும், சத்தம் அமுங்கும். அதே கேட் வோல்டேஜை வாங்கிக்கொண்டு இன்னொரு எஃப்இடி தனியாக உட்கார்ந்திருக்கும். ஆடியோ அதன் வழியாகப் போவதே இல்லை. எத்தனை டெசிபல் அமுங்கியது என்று ஊசிக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை.

இரண்டும் ஜோடியாக இருக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம். 2என்5457 என்ற எஃப்இடியின் கட்-ஆஃப் வோல்டேஜ், அதாவது அது முழுக்க அடைபடும் கேட் வோல்டேஜ், மைனஸ் 0.5-லிருந்து மைனஸ் 6 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. ஒரே பாக்கெட்டில் வாங்கினாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகாது. சோதிப்பதற்கு 9 வோல்ட் பேட்டரி போதும். டிரெய்ன் காலைப் பிளஸ்ஸிலும் கேட்டை மைனஸிலும் கொடுத்து, மூன்றாவது காலான சோர்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே மல்டிமீட்டரை டிசி வோல்டில் வைத்தால், வரும் எண் ஏறக்குறைய கட்-ஆஃப். விரலால் பிடித்துக்கொண்டு அளக்கக் கூடாது, உடம்புச் சூட்டில் எண் நகரும். முதலைக் கிளிப்பில் மாட்டி ஒரு நிமிஷம் விட வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் வரும் இரண்டைத்தான் ஜோடி என்று எடுத்துக்கொள்வேன்.

இருபது அளந்து ஒரு நல்ல ஜோடி கிடைத்தது. 2.13, 2.15. பவர் ஓடும்போதே கேட்டில் புரோப் வைத்து, அது வழுக்கி 30 வோல்ட் லைனில் பட்டதில் ஒன்று போய்விட்டது. முழுக்க என் கை செய்த வேலை. மிச்சமிருந்ததில் நெருக்கமானது 2.9. தம்பிக்கு மறுநாள் காலை பென்னாகரம் பக்கம் பம்பைக்காரர்களை வைத்துப் பதிவு.

நல்லதை ஆடியோவில் போட்டேன். 2.9-ஐ மீட்டரில் போட்டேன்.

இந்த முடிவை இப்போதும் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஜோடி இல்லாதபோது வேறெப்படிப் போடுவது? ஊசி பொய் சொல்லும், பாட்டு கெடாது. மற்ற வேலையில் குறை வைக்கவுமில்லை. நாமே கோத்துக்கொள்ளும் அந்தக் கிட்டின் குறிப்பில் 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டிருந்தது. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் தாண்டி அது 32 சொச்சம் வோல்ட் தரும், வோல்டேஜை நிலையாக வைக்கும் 30 வோல்ட் ரெகுலேட்டருக்குத் தட்டுத்தடுமாறிப் போதும். ஆனால் அந்த ஊர்ப்பக்கம் சாயங்காலம் கரண்ட் 190 வோல்ட்டுக்கு இறங்கினால் அது 27-க்குக் கீழே போய்விடும். ரெகுலேட்டர் கை விட்டுவிட, 100 ஹெர்ட்ஸ் 'ர்ர்ர்' ஆடியோவில் ஏறும். கிரவுண்ட் வயரில்தான் கோளாறு என்று ராத்திரி முழுக்கத் தேடலாம். 30 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் 190-லும் 33 இருக்கும். அதைப் போட்டேன். மைனஸ் 10 வோல்ட் லைனில் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். அவனே சால்டர் பண்ணி வைத்திருந்ததில் அது திருப்பி இருந்தது, வெடிக்கும் முன்பே கழற்றினேன்.

பயாஸும், அதாவது சும்மா இருக்கும்போது கேட்டில் நிற்கும் வோல்டேஜும், ஒழுங்காகவே வைத்தேன். எவ்வளவு வேகமாக அமுக்க வேண்டும் என்று சொல்லும் அட்டாக் நாபை ஆஃபில் வைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் கொடுத்து, எஃப்இடி முழுக்க அடைபடும் வரை டிரிம்மர் என்ற சின்னத் திருகைத் திருப்பி, அவுட்புட்டைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து 1 டெசிபல் இறங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதிகமாக அடைத்து வைத்தால் பம்பை ஓங்கி அடிக்கும் வரை கம்ப்ரஸர் தூங்கும். திறந்து வைத்தால் சும்மா இருக்கும்போதே குரல் கரகரக்கும்.

மீட்டருக்கு இரண்டு டிரிம்மர். ஒன்று சைபருக்கு, இன்னொன்று ஏற்றத்துக்கு. 10 டெசிபலில் ஊசியைச் சரியாக நிறுத்திவிட்டேன். ஜோடி சேராத எஃப்இடியில் ஒரு இடத்தைப் பிடித்தால் இன்னொரு இடம் நழுவும். நிஜமாக நாலு டெசிபல் அமுங்கும்போது ஊசி ஒன்றைத்தான் தொட்டது. குரலுக்கு நாலுக்குள்தான் பெரும்பாலும் வேலையே நடக்கும்.

அதைத்தான் அவன் கவனித்துக் கேட்டான். நல்ல கண்.

காது முக்கியம் என்பது உண்மைதான். ஆனால் காது பழகும் வரை கைபிடித்துக் கூட்டிப்போவது ஊசி. அட்டாக் நாபில் 7-தான் வேகம், 1-தான் நிதானம் என்பதையே அவனுக்கு மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. மற்ற பெட்டிகளுக்கு நேர்மாறு என்பதால் எல்லோரும் குழம்புவார்கள். அப்படிக் கற்றுக்கொண்டிருப்பவனிடம் காதை நம்பு என்பது பாடமா, தப்பிக்கிற வழியா? "இதுல மீட்டர் மட்டும் இப்போதைக்குச் சரியா காட்டாதுப்பா, ஜோடி கிடைச்சதும் மாத்தித் தர்றேன்." ஒரே வாக்கியம். சொல்லியிருந்தால் காசைக் குறைத்துக் கேட்டிருப்பானா? மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் ஏன் சொல்லவில்லை? புரோப் வழுக்கியதையும் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

ஒரு மாதம் கழித்துக் கேபிள் வாங்க வந்தவன் பதிவைப் போட்டுக் காட்டினான். பம்பை நன்றாகவே உட்கார்ந்திருந்தது. குரலை மட்டும் தேவைக்கு மேல் நசுக்கியிருந்தான். "நீங்க சொன்னதுல இருந்து ஊசியப் பாக்கறதே இல்லண்ணா" என்றான்.

அப்படியானால் ஊசி பொய் சொன்னதால் நசுங்கவில்லை, காதால்தான் நசுங்கியது. என்மேல் பழி இல்லை என்று அன்று ராத்திரி ஒரு கணக்குப் போட்டேன். ஊசி சரியாக இருந்து, அவன் அதைப் பார்த்திருந்தால் நசுங்கியிருக்காது என்பது இன்னொரு கணக்கு.

போன வாரம் வந்த புதுப் பாக்கெட்டில் 2.14 ஒன்று கிடைத்தது. ஆடியோவில் இருப்பதோடு ஒட்டிப் போகும். பழையதைக் கழற்றி, இதைப் போட்டு, சைபரும் ஏற்றமும் மறுபடி வைக்க அரை மணி நேரம் ஆகாது. தீப்பெட்டியில் போட்டு மேலே எண்ணை எழுதி டிராயரில் வைத்திருக்கிறேன். பெட்டியைக் கொண்டுவா என்றால் எதற்கு என்று கேட்பான்.