ஒரே வீட்டுக்குள் பேச இன்டர்நெட் எதற்கு?

பொங்கல் விடுமுறையில் மதுரையில் நண்பன் வீட்டில் ஆறு பேர் கூடினோம். 1999இல் வந்த அதே பழைய போர் கேம், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. ஆறு பேரும் ஒரே அணி, எதிரில் கம்ப்யூட்டரே ஆடும் எதிரிகள் இரண்டு. நாலு பேர் ஹாலில், இரண்டு பேர் மாடியில்.

போன தடவை மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாகப் பேசி, பாதிப் பேச்சு அறுந்து அறுந்துதான் வந்தது. மாடிக்குப் போகிற குரல் ஊரைச் சுற்றிப் போவானேன்? அதனால் இந்த முறை மம்பிள் என்ற குரல் அரட்டை மென்பொருள். இலவசம், நம் கணினியையே எல்லோரையும் இணைக்கும் சர்வர் ஆக்கலாம்.

முதல் சிக்கல் ஐபி, அதாவது ஒவ்வொரு கணினிக்குமான முகவரி எண். கணினிகளைக் கேபிளால் இணைக்கும் வெறும் சுவிட்ச்தான், அந்த எண்ணைக் கொடுக்கும் ரூட்டர் இல்லை. எல்லாக் கணினியும் 169.254 என்று தானாக ஓர் எண் போட்டுக்கொண்டது. அதிலும் வேலை நடக்கும், ஆனால் நினைவில் நிற்காது. 192.168.1.11 முதல் 16 வரை கையாலேயே கொடுத்தேன். அப்புறமும் யாராலும் சர்வரில் நுழைய முடியவில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் என் விண்டோஸ் ஃபயர்வால் தடுத்திருக்கிறது. மம்பிள் பயன்படுத்தும் வாசலான 64738 போர்ட்டை டிசிபி, யூடிபி என்ற இரண்டு வகை இணைப்புக்கும் திறந்ததும் எல்லோரும் உள்ளே வந்தார்கள்.

உண்மையான தலைவலி அதற்குப் பிறகுதான். ஹாலில் ஒருவன் பேசினால் நாலு மைக்கும் அதைப் பிடித்தன. நேரில் ஒரு தடவை, கொஞ்சம் தள்ளி ஹெட்செட்டில் இன்னொரு தடவை என்று ஒரே சொல் எதிரொலித்தது. குரல் கேட்டால் தானாகத் திறக்கும் முறையை விட்டுவிட்டு, பட்டனை அழுத்தினால் மட்டும் பேசும் முறைக்கு மாறினோம். பக்கத்தில் இருப்பவர்களை அவரவர் கணினியில் மட்டும் கேட்காதபடி லோக்கல் மியூட் செய்துகொண்டோம். அவர்கள் குரல்தான் நேரிலேயே கேட்கிறதே!

இரண்டு பேருக்கு மட்டும் கேமுக்குள் போனதும் பட்டன் வேலை செய்யவில்லை. அரை மணி நேரம் மைக்கையே சந்தேகப்பட்டோம். பார்த்தால், கேமை அட்மினிஸ்ட்ரேட்டராக (கூடுதல் அதிகாரத்துடன்) திறந்திருக்கிறார்கள், மம்பிளைச் சாதாரணமாக. அப்படி இருந்தால் விண்டோஸ் அந்தப் பட்டனை மம்பிளுக்குக் காட்டாது. மம்பிளையும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தோம், சரியாகிவிட்டது.

ராத்திரி பதினொன்றுக்கு மாடியிலிருந்து குரல் அவ்வளவு தெளிவாக வந்தது: "டேய், கோட்டை கட்டணும், 650 கல்லு அனுப்புங்கடா!" கேமில் மார்க்கெட் இருந்தால்தான் கல் அனுப்ப முடியும். ஹாலில் நாலு பேரும் ஒரே நேரத்தில் மார்க்கெட் கட்டத் தொடங்கினோம்.