கண்வலி விதையும் ஒரு ஸ்டென்ட்டும்

கோவையில், இதய ரத்தக்குழாய் அடைப்பைக் கண்டு திறக்கும் ஒரு கேத் லேப்பில் பதினொரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். அடைப்பை விரித்து ஸ்டென்ட் என்ற உலோக வலைக் குழாய் வைத்தவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல என்னிடம் ஒரு குழாய்க் கதை உண்டு: "அடைச்ச பைப்பைத் திறந்தாச்சு, இனி மாத்திரையை மட்டும் விடாதீங்க." அது அரைகுறைக் கதை என்று புரியவைத்தவர் மூலனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர்.

எட்டே மாதத்தில் திரும்பி வந்தார். ஸ்டென்ட்டுக்குள்ளேயே மறுபடி சுருக்கம். கெட்ட கொழுப்பான எல்டிஎல் 62, குறை சொல்ல முடியாது. காலி மாத்திரை அட்டைகளை மஞ்சப்பையில் கொண்டுவந்து மேஜையில் கொட்டினார். "நான் என்னங்க அம்மிணி தப்புப் பண்ணுனேன்?"

டாக்டர் ஹெச்எஸ் சிஆர்பி என்ற ரத்தப் பரிசோதனை எழுதினார். அழற்சி இருந்தால் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கும் புரதத்தை அளப்பது அது. இதய நோயாளிக்கு 2-ஐத் தாண்டினாலே யோசிப்போம், இவருக்கு 5.8. சாதாரணச் சளிக்கும் ஏறும் என்பதால் மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்தோம். 5.1. வாயைத் திறக்கச் சொன்னால் ஈறெல்லாம் சீழ். அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் கண்ணில் பட்டதை விட முடியுமா?

ரத்தக்குழாய் பிவிசி பைப் இல்லையே. பலூனை ஊதி உலோக வலையை அழுத்தும்போது உள்சுவர் காயப்படுகிறது. வெள்ளணுக்கள் ஓடிவரும், தசைச் செல்கள் பெருகும். அளவோடு நின்றால் புண் ஆறும். நிற்காவிட்டால் மறு அடைப்பு. அதை அடக்கத்தான் ஸ்டென்ட்டில் மருந்து பூசுகிறார்கள். உடம்பு முழுக்கக் கனன்றுகொண்டிருப்பதற்கு அந்தப் பூச்சு எட்டாது.

அதனால் அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின் மாத்திரை 0.5 மி.கி. தொடங்கினார்கள். 2019-ல் வந்த கோல்காட் ஆய்வில், 4,745 மாரடைப்பு நோயாளிகளிடம், பலன் தெரிந்தது. 2024-ல் ஏழாயிரம் பேரிடம் நடந்த ஆய்வில் தெரியவில்லை. எங்கள் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.

இந்த மருந்து செங்காந்தள் விதையிலும் இருக்கிறது என்றதும் சிரித்துவிட்டார். "கண்வலி விதைங்களா? நம்ம காட்டுல ரெண்டு ஏக்கர் போட்டிருக்கறனுங்க!"

எனக்குப் பகீரென்றது. "ஐயா, விதையை வாயில் வச்சுடாதீங்க, விஷம்."

"அது தெரியாமயா பந்தல் போடறோம்? கிழங்கு நட்ட கைய மூணு தடவ கழுவிட்டுத்தான் சோத்துல கை வெப்போம்."

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார். பல் டாக்டரிடம் போகத்தான் இழுத்தடித்தார்: "ரத்தம் உறையாத மாத்திரை திங்கறவன் பல்லுல கை வெக்கலாமுங்களா?" நிறுத்தாமலே ஈறைச் சுத்தம் செய்யலாம் என்று சொல்லி, சீட்டு வாங்கிக்கொடுத்து, நானே கூட்டிக்கொண்டு போனேன்.